‘பிக்ஃபோர்டின் தோழி’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்: பிரான்ஸிஸ் மேரியன் பற்றி ஒரு இழை

சுருள்பெட்டி

போன வாரம் வேறொரு இழையில் மௌனப்படக் காலத்துத் திரைக்கதாசிரியர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அதில் ஒரு நண்பர் பிரான்ஸிஸ் மேரியனை, ‘மேரி பிக்ஃபோர்டின் தோழி, அவருக்காக எழுதியவர்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போய்விட்டார். (பிக்ஃபோர்ட் அன்றைய ஹாலிவுட்டின் மிகப் பெரிய நட்சத்திர நடிகை.) அங்கேயே மல்லுக்கு நின்றால் இழை திசைமாறிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். இங்கே மூடுவதாக இல்லை.

முதலில் ஆளைப் பற்றி. 1888இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். இயற்பெயர் மேரியன் பென்ஸன் ஓவன்ஸ். ஓவியம் கற்றார், ஒரு புகைப்படக் கலைஞரிடம் உதவியாளராக இருந்தார், விளம்பரப் படங்கள் வரைந்தார், பத்திரிகை நிருபராகவும் சில காலம் அலைந்தார். 1914இல் லாஸ் ஏஞ்சலஸில் அவரைச் சினிமாவுக்குள் இழுத்துப்போட்டவர் லோயிஸ் வெபர். வெபர் தாமே எழுதி, இயக்கி, நடித்தும் வந்தவர். அவரிடம் சேர்ந்தவர்கள் ‘இது என் வேலை இல்லை’ என்று சொல்ல முடியாது. மேரியன் கேமரா முன்னால் நின்றார், எழுதினார், படம் வெட்டி ஒட்டப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

பிக்ஃபோர்டுக்காக அவர் எழுதிய ‘தி ஃபவுண்ட்லிங்’ கதையைத் தயாரிப்பாளர் அடால்ஃப் ஜூகர் 125 டாலருக்கு வாங்கினார். படம் நியூயார்க்கில் எடுக்கப்பட்டது. வெளியீட்டைப் பார்க்க மேரியன் நாட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ரயிலேறிப் போனார். 1915 செப்டம்பரில் ஸ்டூடியோ தீப்பிடித்து நெகடிவ் எரிந்துபோனது. பிரதி எடுக்கும் முன்பே எரிந்ததால் திரையிட ஒன்றும் மிஞ்சவில்லை. (பிறகு மறுபடியும் எடுத்து 1916 ஜனவரியில் வெளியிட்டார்கள்.) முதல் பெரிய படம் சாம்பல், ஊரோ அந்நிய ஊர், கையில் வேலையும் இல்லை.

இந்த இடத்தில் தோழியின் நட்பு கைகொடுக்கவில்லை. வில்லியம் பிரேடி நடத்திய வேர்ல்ட் ஃபிலிம்ஸ் நிறுவனத்துக்குப் போய், இரண்டு வாரம் சம்பளமே இல்லாமல் வேலை பார்க்கச் சேர்ந்தார். அங்கே புதிதாகக் கதை எழுத உட்காரவில்லை. வெளியிடவே லாயக்கில்லை என்று பெட்டியில் போட்டு மூடிய படங்களை எடுத்துப் போட்டுப் பார்த்தார். முதலாளியின் மகள் ஆலிஸ் பிரேடி நடித்த ஒரு படம் அதில் இருந்தது. அழவைக்க எடுத்த படம், பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. வேறு யாராக இருந்தாலும் சிரிப்பு வரும் இடங்களை வெட்டியிருப்பார்கள். மேரியன் முன்னால் ஒரு பகுதியும் பின்னால் ஒரு பகுதியும் புதிதாக எழுதிச் சேர்த்து, படத்தையே நகைச்சுவைப் படமாக மாற்றிவிட்டார். நடுவில் இருக்கும் காட்சிகள் பழையவைதான். பார்க்கிறவனின் மனநிலையை மட்டும் முதல் சில நிமிடங்களில் திருப்பிவிட்டார். பெட்டியில் கிடந்த சரக்கு 9,000 டாலருக்கு விலைபோனது. பிரேடி அவரை வாரம் 200 டாலர் சம்பளத்தில் அமர்த்தினார்.

பிரான்ஸிஸ் மேரியன் யார் என்று கேட்டால் நான் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன்.

கடைசி வரிசை

அந்த ‘ஒரு நண்பர்’ நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் என் கருத்தை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அந்தக் காலத்தில் பிக்ஃபோர்ட் ஒருவரைக் கைகாட்டினால் கதவு தானாகத் திறக்கும். 1917இல் மேரியன் ஆண்டுக்கு 50,000 டாலர் ஒப்பந்தத்தில் ஃபேமஸ் பிளேயர்ஸ்–லாஸ்கி நிறுவனத்துக்குப் போனது யாருக்கு எழுத? பிக்ஃபோர்டுக்கு. தவிர, பேச்சே இல்லாத படத்துக்குத் திரைக்கதை என்று என்ன பெரிதாக எழுதியிருக்கப் போகிறார்கள்? ‘நாயகி அழுகிறாள், நாயகன் வருகிறான்’ என்று நாலு வரி. மிச்சத்தை இயக்குநர் பார்த்துக்கொள்வார்.

புதுவாசகன்

குறுக்கே புகுவதற்கு மன்னியுங்கள். எனக்கும் அதே சந்தேகம்தான், ஆனால் கிண்டலாகக் கேட்கவில்லை. வசனம் இல்லாத படத்துக்குத் திரைக்கதாசிரியர் காகிதத்தில் உண்மையிலேயே என்ன எழுதுவார்?

நிழலாட்டம்

புதுவாசகன் தம்பி, நல்ல கேள்வி. கடைசி வரிசையாரும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆரம்பத்தில் அவர் சொல்கிற நாலு வரிதான். ஒரு ரீல் படம், அதாவது ஏறத்தாழ 1,000 அடிச் சுருள்; கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஜீன் காண்டியர் என்ற நடிகை கேலம் நிறுவனத்தில் நடித்துக்கொண்டே கதையும் எழுதினார். 1907இல் ‘பென் ஹர்’ நாவலை ஒரே ரீலுக்குள் அடக்கியவர் அவர்தான். தேர்ப்பந்தயம் உட்பட! நாவலின் உரிமைக்காரர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமே அப்போது இல்லை. பதிப்பகம் வழக்குப் போட்டது. 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதிப்பகத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது; கேலம் 25,000 டாலர் கட்டியது. அன்றிலிருந்துதான் நாவலைப் படமாக்க உரிமை வாங்க வேண்டும் என்பது சட்டமானது. அந்த ஒற்றை ரீல் எழுத்துக்கு இருந்த பலம் அது.

1915 வாக்கில் படம் ஐந்து ரீல், ஆறு ரீல் என்று நீண்டதும் நாலு வரி போதவில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் எண் போட்டு, எங்கே நடக்கிறது, யார் எங்கிருந்து நுழைகிறார், கேமரா தூரத்தில் இருக்கிறதா முகத்துக்கு அருகிலா, காட்சிகளுக்கு நடுவே திரையில் வரும் எழுத்து அட்டை எந்த இடத்தில் விழ வேண்டும், அதில் என்ன வாசகம் என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். தயாரிப்பாளருக்கும் இது வசதி. ஒரே அறையில் நடக்கும் காட்சிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே நாளில் எடுத்துவிடலாமே. செலவுக் கணக்கே அந்தத் தாளிலிருந்துதான் ஆரம்பமாகும்.

எழுத்து அட்டை என்பது பார்வையாளரை ஒரு கணம் நிறுத்திப் படிக்கவைப்பது. அதிகமானால் படம் புத்தகமாகிவிடும், குறைந்தால் யார் யாருக்கு என்ன உறவு என்றே விளங்காது. அந்த அளவு தெரிந்தவர்கள் சிலர்தான்.

சுருள்பெட்டி

நிழலாட்டம் ஐயா என் வேலையைப் பாதியாக்கிவிட்டார், நன்றி.

கடைசி வரிசை, நீங்களா அது! சரி, இனி நேரடியாகவே பேசலாம். அந்த 50,000 டாலர் ஒப்பந்தத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

‘தி புவர் லிட்டில் ரிச் கேர்ள்’, 1917. மோரிஸ் டூர்னர் இயக்கம். பிக்ஃபோர்டுக்கு அப்போது 24 வயது. படத்தில் அவர் 11 வயதுச் சிறுமி. பணக்கார வீட்டில் வேலைக்காரர்களிடம் வளர்ந்து, அப்பா அம்மா முகத்தைப் பார்க்கவே ஏங்கும் பிள்ளை. அவரைச் சிறியவராகக் காட்ட மேஜை, நாற்காலி, கதவெல்லாம் அளவுக்கு மீறிப் பெரிதாகச் செய்து வைத்தார்கள். கதவின் கைப்பிடியை எட்டிப் பிடிக்கும்போது நமக்கே குழந்தையாகிவிட்டது போல் இருக்கும்.

அந்தப் படத்தில் ஒரு சேற்றுச் சண்டை உண்டு. மூல நாடகத்தில் அது கிடையாது. டூர்னருக்கு அழகுணர்ச்சி அதிகம். இந்த மாதிரிக் கூத்தெல்லாம் தேவையில்லை என்பது அவர் கட்சி. பிக்ஃபோர்டும் மேரியனும் விடவில்லை. முடிந்த படத்தை நிறுவனத்தார் போட்டுப் பார்த்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. படம் தோல்வி என்று தீர்மானித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய நட்சத்திரமான பிக்ஃபோர்டே தலைகுனிந்து, அடுத்த படங்களில் இயக்குநர் செஸில் டிமில் சொன்னபடி கேட்டு நடக்க ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தோழியின் செல்வாக்கு என்கிறீர்களே, அந்த அறையில் அந்தச் செல்வாக்கு செல்லாக்காசாகத்தான் இருந்தது.

பிறகு படம் திரையரங்குக்குப் போனது. ஜனங்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், அழ வேண்டிய இடத்தில் அழுதார்கள். ஒப்பந்தம் அதற்குப் பிறகு வந்தது.

அடுத்த வருடமே ‘ஸ்டெல்லா மாரிஸ்’. பிக்ஃபோர்டுக்கு இரட்டை வேடம். ஒருத்தி உலகத்தின் துன்பமே தெரியாமல் பொத்திப் பொத்தி வளர்க்கப்பட்ட நோயாளிப் பெண். இன்னொருத்தி யூனிட்டி பிளேக். அநாதை இல்லத்திலிருந்து வந்து, அடிபட்டு உருக்குலைந்தவள். ‘அமெரிக்காவின் செல்லப்பிள்ளை’ என்று பெயரெடுத்த பிக்ஃபோர்டைத் தலைமயிரை எண்ணெயால் படியவைத்து, ஒரு தோள் இறங்கி, முகம் கோணி நிற்க வைத்து எழுதுகிறவர், நட்சத்திரத்துக்கு ஜால்ரா போடுகிறவர் என்று யாராவது சொன்னால் நான் அந்தப் பேச்சுக்கே வர மாட்டேன்.

மைக்கூடு

இந்த இழையை நேற்றிரவிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதியவள். ஒரு தொடரில் ஏறத்தாழ எட்டு மாதம் எழுதினேன். பெயர்ப் பட்டியலில் என் பெயர் வரவே இல்லை. கேட்டபோது, ‘குழுவாக எழுதுகிறோம் அம்மா, யார் பெயரையென்று போடுவது’ என்றார்கள். குழுவில் இருந்த மற்ற இருவர் பெயரும் வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேரியன் தம் பெயரைத் தாமே மறைத்துக்கொண்ட ஒரு விஷயம் என்னை எப்போதும் உறுத்தும்.

1919இல் ஃபிரெட் தாம்ஸன் என்ற தடகள வீரரை மணந்தார். தாம்ஸன் போர்க்காலத்தில் ராணுவப் போதகராக இருந்தவர். பின்னால் சில்வர் கிங் என்ற தம் குதிரையோடு கௌபாய்ப் படங்களில் பெரிய நட்சத்திரமானார். அந்தப் படங்களில் பலவற்றுக்கு எழுதியவர் மனைவிதான். திரையில் வந்த பெயரோ ஃப்ராங்க் எம். கிளிஃப்டன்! ஆண் பெயர். இந்தப் பக்கம் ‘ஸ்டெல்லா டாலஸ்’ போன்ற பெரிய படங்களுக்குத் தம் சொந்தப் பெயரில் எழுதிக்கொண்டே, அந்தப் பக்கம் துப்பாக்கியும் குதிரையும் பாய்கிற படங்களுக்கு வேறொரு பெயரில் எழுதியிருக்கிறார்.

‘பிரபலமான மனைவி எழுதிக்கொடுத்துத்தான் கணவன் நடிக்கிறான்’ என்ற பேச்சு வரக்கூடாது என்று நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. 1928 கிறிஸ்துமஸ் அன்று தாம்ஸன் தனுர்வாயு கண்டு இறந்துபோனார். குதிரை லாயத்தில் ஆணி குத்திய காயம். மேரியனிடம் இரண்டு சிறு பையன்கள். தாம்ஸனோடு கிளிஃப்டனும் செத்துப்போனார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கடைசி வரிசை

மைக்கூடு அம்மா, உங்களுக்கு நடந்தது அநியாயம். அதற்கு நான் பதில் சொல்ல ஒன்றுமில்லை.

சுருள்பெட்டி, சேற்றுச் சண்டை விஷயத்தில் நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த கேள்விக்கு வாருங்கள். மௌனப்படக் காலத்தில் எழுதிய பெண்கள் ஏராளம். ஜூன் மேத்திஸ், அனிதா லூஸ், நீங்கள் சொன்ன வெபர், காண்டியர். படம் பேச ஆரம்பித்த பிறகு அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் எங்கே போனார்கள்? மேரியன் மட்டும் எப்படி நின்றார்? ஒன்று, மற்றவர்களுக்கு இல்லாத பாதுகாப்பு அவருக்கு இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மற்றவர்களைவிட மிக நன்றாக எழுதியிருக்க வேண்டும். எது?

நிழலாட்டம்

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். ஆனால் முதலில் ஒரு திருத்தம். பெண்கள் போனதற்கு ஒலி மட்டும் காரணமில்லை. 1920களின் நடுவிலேயே சிறு நிறுவனங்களை விழுங்கிப் பெரிய ஸ்டூடியோக்கள் எழுந்துவிட்டன, எம்.ஜி.எம். உருவானது 1924இல். வங்கிப் பணம் வந்தது, கூடவே மேற்பார்வையாளர்கள் வந்தார்கள். யாரும் பெரிதாக மதிக்காத காலத்தில் பெண்களுக்குத் திறந்திருந்த வேலை, கௌரவமும் சம்பளமும் கூடியபோது அப்படித் திறந்திருக்கவில்லை. ஒலி வந்ததும் நாடகாசிரியர்களையும் பத்திரிகைக்காரர்களையும் நியூயார்க்கிலிருந்து ரயில் ரயிலாக இறக்கினார்கள்.

ஜூன் மேத்திஸ் அந்த மாற்றத்தைப் பார்க்கவே இல்லை. 1927இல், நாடகம் பார்க்கப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார். ‘தி ஃபோர் ஹார்ஸ்மென்’ படத்துக்கு எழுதியவர், ருடால்ஃப் வாலண்டினோவை அதில் நாயகனாகப் போட வேண்டும் என்று நின்றவர். 1926இல் வாலண்டினோ இறந்தபோது அவரை வைக்கக் கல்லறையில் இடம் கொடுத்ததும் மேத்திஸ்தான். அவரைப் பற்றி யாராவது தனி இழை தொடங்குங்கள், நான் முதல் ஆளாக வருகிறேன்.

மேரியனுக்கு இருந்த பாதுகாப்பு, எம்.ஜி.எம்.மின் தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க் அவரை நம்பினார் என்பது. அந்த நம்பிக்கை சும்மா வந்ததா என்பதைச் சுருள்பெட்டி சொல்லட்டும்.

சுருள்பெட்டி

சும்மா வரவில்லை. மூன்று படங்களைச் சொல்கிறேன், மூன்றாவதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன்.

‘தி விண்ட்’, 1928. லில்லியன் கிஷ் நடிப்பு, விக்டர் ஷோஸ்ட்ரம் இயக்கம். காற்றுதான் வில்லன். மொஹாவி பாலைவனத்தில் எட்டு விமான விசிறிகளை வைத்து மணலை வாரி அடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, காதுக்கும் கேட்காத ஒன்றை, ஒரு பெண்ணின் மூளையைக் கலங்கவைக்கும் அளவுக்கு எழுத வேண்டும். மேஜையில் படியும் தூசி, ரொட்டியில் கலந்த மணல், ஜன்னலைத் திறந்தால் உள்ளே பாயும் புழுதி. புயல் வருகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாவலின் முடிவில் அவள் காற்றுக்குள் நடந்து போய்விடுவாள். படத்தில் கணவனோடு நிற்கிறாள். அந்த முடிவு எனக்கு இன்றும் ஒட்டவில்லை.

‘அன்னா கிறிஸ்டி’, 1930. கிரேட்டா கார்போ முதன்முதலாகப் பேசிய படம். ஸ்வீடிஷ் வாடை அடிக்கும் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஸ்டூடியோவுக்குக் கவலை. ஸ்வீடிஷ் குடும்பத்துப் பெண்ணின் கதையான யூஜீன் ஓநீலின் நாடகத்தை எடுத்தார்கள், குரலே பாத்திரமாகிவிட்டது. கார்போ திரைக்கு வரக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை படத்தைத் தாங்குகிறவர் மேரி டிரெஸ்லர், வேலையின்றி எல்லோராலும் மறக்கப்பட்டிருந்த நகைச்சுவை நடிகை. மேரியன் நிருபராக இருந்த காலத்திலிருந்து அவரை அறிவார். 1927இலேயே அவருக்காக ஒரு படம் எழுதினார். எதிர்ப்பு வந்து அது திரும்பப் பெறப்பட்டது. விடாமல் மறுபடி எழுதினார். அதே 1930இல் ‘மின் அண்ட் பில்’ வந்தது. 62 வயதான, அழகி என்று யாரும் சொல்லாத டிரெஸ்லருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. தோழிக்காக எழுதினார் என்று இப்போது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்!

மூன்றாவது, ‘தி பிக் ஹவுஸ்’. அதுவும் 1930தான். சிறைக்கதை. ஒரு பெண் எழுதுகிற களமா இது என்று கேட்கக்கூடியவர்கள் இருந்த காலம். மேரியன் சான் குவென்டின் சிறைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார்.

கதை இதுதான். குடித்துவிட்டு வண்டியோட்டி ஒருவரைக் கொன்ற கென்ட் என்ற வசதியான வீட்டுப் பையன் சிறைக்கு வருகிறான். ஒரே அறையில் இரண்டு பழைய கைதிகள்: புட்ச், மார்கன். புட்ச் பலசாலி, முரடன். சாப்பாட்டுக் கூடத்தில் உணவு பிடிக்காமல் கலகத்தைக் கிளப்புகிறான். தனிமைச் சிறை என்று தண்டனை வருகிறது. சோதனை போடுவார்கள், அவனிடம் ஒரு கத்தி இருக்கிறது. கத்தி அவன் கையிலிருந்து நழுவிக் கைமாறிப் போகிறது. கடைசியில் வந்து சேர்வது கென்டிடம். அன்றிரவு அறையைச் சோதிக்கப் போகிறார்கள் என்றதும் கென்ட் அதை மார்கனின் படுக்கையில் ஒளித்து வைக்கிறான். மறுநாள் விடுதலையாக வேண்டிய மார்கனுக்கு அது போய்விடுகிறது.

ஒரே ஒரு கத்தி. புட்சின் கையில் அது முரட்டுத்தனம். கூட்டத்தின் கைகளில் விசுவாசம், ஒருவனும் காட்டிக்கொடுக்கவில்லை. கென்டின் கையில் கோழைத்தனம். மூன்று பாத்திரங்களைப் பற்றியும் நமக்குத் தெரிய வேண்டியதை அந்தப் பொருள் நகர்ந்த வழியே சொல்லிவிடுகிறது. மௌனப்படத்தில் 15 வருடம் பொருள்களை வைத்துக் கதை சொல்லிப் பழகிய கை அது. மற்ற பேசும் படங்களில் பாதி, மைக்கைச் சுற்றி ஆட்கள் நின்று பேசிக்கொண்டிருந்த காலம் என்பதை நினைவில் வையுங்கள்.

இதற்குத்தான் எழுத்துக்கான ஆஸ்கர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். அடுத்து 1931இல் ‘தி சேம்ப்’. தோற்றுப்போன குத்துச்சண்டைக்காரன், அவனைக் கடவுளாக நினைக்கும் சின்ன மகன். அந்தக் கதைக்கு இரண்டாவது ஆஸ்கர். எழுத்துக்காக இரண்டு ஆஸ்கர் பெற்ற முதல் ஆளும் அவர்தான், ஆண் பெண் இருபாலாரிலும்.

புதுவாசகன்

‘தி பிக் ஹவுஸ்’ நேற்றிரவு பார்த்தேன். மார்கன் சிறையிலிருந்து தப்பிப்போய்க் கென்டின் தங்கையைத் தேடுவதும், அவள் உடனே அவனிடம் மயங்குவதும் கொஞ்சம் பொருந்தாதது போல இருந்ததே?

நிழலாட்டம்

மூக்கு சரியாகத்தான் மோப்பம் பிடித்திருக்கிறது, தம்பி. முதலில் எடுத்தபோது அவள் கென்டின் மனைவி. முன்னோட்டக் காட்சியில் பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. சிறையில் இருக்கிறவனின் மனைவியை இன்னொரு கைதி காதலிப்பதா என்று. தால்பெர்க் மனைவியைத் தங்கையாக்கி மறுபடி எடுக்கச் சொன்னார். மனைவியாக இருந்திருந்தால் மார்கன் கென்டுக்குச் செய்வதும் ஒரு துரோகமாகியிருக்கும். கத்திக்குப் பதிலுக்குப் பதில்! தங்கையானதும் அந்தத் தராசு ஒரு பக்கம் லேசாகிவிட்டது.

அரைத்திரை

இழையைத் திருப்பவில்லை, ஒரு சின்ன இடைச்செருகல் மட்டும். ‘தி சேம்ப்’ வெளியானது 1931 நவம்பர். அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 31 அன்றுதான் தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வெளியானது. அதில் நாயகியாக நடித்த டி.பி. ராஜலட்சுமி, 1936இல் தாம் எழுதிய ‘கமலவல்லி’ நாவலை ‘மிஸ் கமலா’ என்ற பெயரில் தாமே தயாரித்து இயக்கினார். ஸ்டூடியோ நம்பிக்கை, தால்பெர்க் பாதுகாப்பு என்றெல்லாம் அவருக்கு யாரும் இல்லை.

சுருள்பெட்டி

அரைத்திரை, இது இடைச்செருகல் ஆகாது. தனி இழை தொடங்குங்கள், தயவுசெய்து.

மைக்கூடு

மேரியனின் சம்பளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், அவர் அந்தச் சம்பளத்தை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். 1933 மார்ச்சில் நாடே பணமுடையில் இருந்தபோது ஸ்டூடியோக்கள் ஊழியர்களின் சம்பளத்தைப் பாதியாக வெட்டின. அடுத்த மாதமே எழுத்தாளர் சங்கம் புதிதாக அமைக்கப்பட்டது; அதற்குத் துணைத்தலைவர் மேரியன். அவருக்குச் சங்கமே தேவைப்பட்டிருக்காது. இரண்டு ஆஸ்கர், தால்பெர்க்கின் அறைக்கு நேரே போகும் உரிமை. திரையில் யார் பெயர் வர வேண்டும் என்பதை ஸ்டூடியோ தன்னிஷ்டத்துக்கு முடிவு செய்யக்கூடாது என்பது அந்தச் சங்கத்தின் முக்கியமான சண்டைகளில் ஒன்று. ஃப்ராங்க் எம். கிளிஃப்டனாக இருந்தவருக்கு அதன் அருமை தெரிந்திருக்கும்.

1936இல் தால்பெர்க் 37 வயதில் இறந்தார். அதன் பிறகு எம்.ஜி.எம்.மில் மேரியனின் எழுத்து பலர் கை மாறிப் போக ஆரம்பித்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தி, அதை மூன்றாமவர் திருத்தி... இந்த முறையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். 1937இல் திரைக்கதை எழுதுவது எப்படி என்று ஒரு புத்தகம் போட்டார். 1946இல் ஹாலிவுட்டை விட்டு விலகி ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் திரும்பினார். 1973இல் மறைந்தார்.

இதற்கு நடுவில் ஒன்று. 1939இல் லோயிஸ் வெபர் இறந்தபோது கையில் காசில்லை. 1914இல் வேலை கொடுத்த அந்த அம்மாளின் இறுதிச்சடங்குச் செலவை ஏற்றுக்கொண்டவர் மேரியன்.

கடைசி வரிசை

ஒரு வாரம் கழித்து வருகிறேன். பிடிவாதக்காரன் என்பதால் நானாக ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். ‘தி பிக் ஹவுஸ்’ படத்தை முதலில் ஒலியை முழுக்க நிறுத்திவிட்டுப் பார்த்தேன். வசனமில்லாமல் கதை நிற்கிறதா பார்ப்போம் என்று. கென்ட் உள்ளே வந்து, உடைமைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, உடை மாற்றி, எண்ணாக மாறுகிற அந்தத் தொடக்கம் முழுக்க விளங்கியது. கத்தி விஷயம் முழுக்க விளங்கியது. தங்கை வரும் இடங்கள்தான் விளங்கவில்லை; புதுவாசகன் சொன்ன அதே இடங்கள்.

பிறகு ஒலியோடு பார்த்தேன். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. கூட்டம் கூட்டமாகக் காலடி, தட்டுகளின் சத்தம், இரும்புக் கதவு. பேச்சைவிட அவைதான் சிறை. முதன்முதலாக ஒலிப்பதிவுக்கென்று ஆஸ்கர் கொடுத்தபோது அது இந்தப் படத்துக்காக டக்ளஸ் ஷியரருக்குப் போனது என்று இப்போதுதான் தேடிப் படித்தேன். ஒலி எங்கே பேச வேண்டும், மனிதன் எங்கே வாயை மூட வேண்டும் என்று தாளில் இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பழைய இழையில் நான் எழுதிய ஒற்றை வரியைத் திருத்தப் போனேன். நாள் கடந்துவிட்டதாம், திருத்த அனுமதி இல்லை என்கிறது. அதன் கீழே இந்த இழையின் இணைப்பைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

சுருள்பெட்டி

முன்னால் ஒரு பகுதி சேர்க்க முடியாவிட்டால் பின்னால் ஒரு பகுதி. மேரியன் ஒப்புக்கொள்வார். அடுத்து ‘ஸ்டெல்லா மாரிஸ்’ பாருங்கள், அதற்கு ஒலியை நிறுத்த வேண்டிய வேலையும் இல்லை.